நாற்பது நிமிடம் குறைகிறது

"11 பெப்ரவரி 2024, ஞாயிறு. நமுனுகுல. மேல் டிவிஷன் பிள்ளையார் கோயிலடியில் புறப்பட்டது காலை 6.55. உச்சி 9.45. ஏற்றம் 2 மணி 50 நிமிடம். உச்சியிலிருந்து புறப்பட்டது 10.20. கோயிலடி பிற்பகல் 2.00. இறக்கம் 3 மணி 40 நிமிடம். மூடுபனி. உச்சியில் எதுவும் தெரியவில்லை. அட்டைக்கடி: எனக்கு ஏழு, அக்காவுக்கு இரண்டு."

என் குறிப்புப் புத்தகத்தில் உள்ளதை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். நமுனுகுல மலையில் ஏறியதைவிட இறங்கியதற்கு ஐம்பது நிமிடம் கூடுதலாகப் பிடித்திருக்கிறது. அதற்குக் காரணம் அக்காவின் வலது முழங்கால். இந்த ஐம்பது நிமிடம் பிறகு எனக்கு ஒரு கணக்குக்குத் தேவைப்பட்டது. அதனால்தான் முதலில் வைக்கிறேன்.

அக்காவுக்கு அப்போது அறுபத்தொரு வயது. பதுளைக்கும் பசறைக்கும் இடையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்து நான்கு வருடம் கொழுந்து எடுத்தவள். அதே தோட்டத்தின் ஆபீசில் நான் இருபத்தேழு வருடம் கிளாக்கராக இருந்தேன். காலையில் மழைமானியைப் பார்த்து எழுதுவதும் என் வேலைகளில் ஒன்று. வேலையை விட்டுப் பதுளை டவுனுக்கு வந்த பிறகும் எழுதுவது மட்டும் விட்டுப்போகவில்லை.

அக்காவின் மகள் கத்தாரில் தாதியாக இருக்கிறாள். அம்மாவுக்கு அறுபது முடிந்ததும் காசிக்கு அனுப்பி வைப்பதாகச் சொன்னாள். வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்ததிலிருந்து அவர்கள் இருவரும் சண்டை போடுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

"காசியா? அங்க போறதுக்கு இன்னும் நாள் இருக்குடி. இப்பவே அனுப்பி வச்சுறாத."

"அப்ப எங்கதாம்மா போவ? சொல்லு."

"பனி இருக்குற மலைக்கு. அதுல கால வச்சுப் பாக்கணும்."

"மாமா, நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. மலையேறியவர்கள் எழுதிய பயணப் புத்தகங்களைப் பல வருடமாகச் சேர்த்துப் படித்து வருகிறேன் என்பது உண்மைதான். அவை என் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. அக்கா வரும்போதெல்லாம் அவற்றின் படங்களை மட்டும் புரட்டிப் பார்ப்பாள். அந்த அளவுக்குத்தான் என் பங்கு.

நேபாளத்தில், பொக்கரா நகரத்தில், வழிகாட்டிகளை ஏற்பாடு செய்து தரும் ஒருவரை அக்கா மகள் கண்டுபிடித்தாள். அவர் இரண்டு பாதைகளை எழுதி அனுப்பி, ஒன்றின் பக்கத்தில் 'இலகு' என்றும் மற்றதன் பக்கத்தில் 'கடினம்' என்றும் ஆங்கிலத்தில் குறித்திருந்தார்.

இலகுவானது நான்கு நாள். பூன் ஹில் என்ற குன்றில் விடியுமுன் ஏறி நின்று, எதிரே பனிமலை வரிசையில் வெயில் படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். உயரம் 3,210 மீட்டர், அதாவது பத்தாயிரத்து ஐந்நூறு அடி. கடினமானது ஏழு நாள். ஒரு பள்ளத்தாக்கின் வழியே உள்ளே உள்ளே நடந்து, அன்னபூர்ணா மலையின் அடிவாரத்திலுள்ள மேல் முகாமுக்குப் போக வேண்டும். அது 4,130 மீட்டர், பதின்மூவாயிரத்து ஐந்நூறு அடி. சுற்றிலும் பனிமலைகள். கடைசி இரண்டு மணித்தியாலப் பாதையில் ஏப்ரலிலும் பனி கிடக்கும். எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை இருப்பது 3,900 அடியில்.

நான் ஒரு தாளில் கோடு போட்டு, இரண்டையும் பதினான்கு விஷயங்களில் ஒப்பிட்டு எழுதினேன். பதின்மூன்றில் இலகுவானதே மேல் என்று வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வீட்டுக்குப் போய் அதை வாசித்துக் காட்டினேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். முடிவில் ஒரே கேள்விதான்.

"அந்த மொத மலையில பனி இருக்குமா?"

"இருக்காது. ஆனா அங்க நின்னா பனிமலை தெரியும். நல்லாவே தெரியும்."

"எவ்வளவு தூரத்துல?"

"பதினஞ்சு இருபது மைல் இருக்கும்."

"எட்டாம் நம்பர் மலையில இருந்து நமுனுகுல எவ்வளவு தூரம்?"

தோட்டத்தில் ஒவ்வொரு தேயிலைக் காட்டுக்கும் மலை என்றுதான் பெயர், ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. எட்டாம் நம்பர் மலையில்தான் அக்கா அதிகம் வேலை செய்தாள். அங்கிருந்து பார்த்தால் நமுனுகுல நேர் எதிரே நிற்கும்.

"ஆறு மைல் வரும்," என்றேன்.

"முப்பத்தி நாலு வருசம் அதப் பாத்துக்கிட்டேதான் கொழுந்து எடுத்தேன். ஒரு நாள் போனதில்ல. எல்ல டவுனுக்கு டூர் வர்ற வெள்ளக்காரன் வந்த மூணாம் நாள் அதுல ஏறிட்டு எறங்கிர்றான். பாத்தது போதும்டா தம்பி."

அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். பதினான்காவது விஷயத்தை நான் 'போய்ச் சேரும் இடம்' என்று எழுதியிருந்தேன். அந்த ஒன்றில்தான் கடினமானது மேல் என்று வந்திருந்தது.

அக்கா மகள் விடவில்லை. "முழங்காலுக்கு எண்ணெ தேய்ச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? பின்னால போத்தல் தெரியுது பாரு," என்றாள் ஒரு நாள் போனில். அக்கா உடனே போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். நமுனுகுலவில் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது மகள் போட்ட நிபந்தனை. சிரமமில்லாமல் வந்தால் கடினமானது, இல்லாவிட்டால் இலகுவானது.

அப்படித்தான் பெப்ரவரி பதினோராம் திகதி வந்தது. மகள் அனுப்பிய மலையேறும் கால்சட்டையை அக்கா போட்டுக்கொண்டு, அதன் மேல் தன் பழைய படங்கையும் கட்டியிருந்தாள். கொழுந்து எடுக்கும் பெண்கள் செடியின் ஈரம் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த சீலை அது. பார்ப்பதற்கு நன்றாக இல்லை என்று சொன்னேன். அவளுக்கு இரண்டு அட்டைக்கடி, எனக்கு ஏழு என்பது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது.

ஏற்றத்தில் அவளைப் பிடிக்க முடியவில்லை. வேகமாகப் போனாள் என்றில்லை, நிற்கவே இல்லை. நான் மூச்சு வாங்க நின்று, நேரம் எழுதுகிற சாக்கில் புத்தகத்தை எடுக்கும்போதெல்லாம் மேலேயிருந்து குரல் வரும்.

"கிளாக்கர் ஐயா, ரிப்போட்டு முடிஞ்சுதுங்களா? நாங்க மத்த மலைக்குப் போகணும்."

உச்சியில் வெள்ளையாக மூடிக்கிடந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். எங்கள் தோட்டம் இருக்க வேண்டிய திசையை நான் காட்டினேன். அக்கா அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, வந்தாச்சு," என்றாள். காட்சி தெரியவில்லையே என்று அவள் குறைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

இறக்கத்தில்தான் முழங்கால் பிடித்தது. நேராகக் கால் வைக்க முடியாமல் பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக இறங்கினாள். தேயிலைக் காட்டுக்குள் வந்ததும் செடிகளைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிறதா என்று கேட்டால் "பேசாம வா" என்றாள்.

நேரங்களை ஒளிக்காமல் அக்கா மகளுக்கு அனுப்பினேன்.

"அப்ப லேசானதுதான், மாமா. முடிஞ்சு போச்சு."

"எறங்கத்தான்டி கஷ்டம்," என்று பின்னாலிருந்து அக்கா சொன்னாள். "எறக்கம் ரெண்டுலயுந்தான் இருக்கு. ஒங்க மாமாவக் கேளு."

நான் சரிபார்த்தேன். அவள் சொன்னது சரி. இலகுவான பாதையிலும் ஆயிரக்கணக்கில் கல் படிகள் இருந்தன. ஒப்பீட்டில் எட்டாவது வரியில் 'முழங்காலுக்கு நல்லது' என்று எழுதியிருந்ததை அடித்தேன். இலகு, கடினம் என்று குறித்தவருக்கு நல்ல முழங்கால் இருந்திருக்க வேண்டும். அக்காவைப் பொறுத்தவரை இரண்டுக்குமுள்ள வித்தியாசம் படிகளில் இல்லை, நாட்களில்தான். அப்படியென்றால் கடினமானதில் நாளைக் குறைத்தால் என்ன?

மார்ச் மூன்றாம் திகதி அக்காவின் அடுப்படியில் ஒப்பந்தம் ஆயிற்று. மலை அவள் சொன்னது, நாள் கணக்கு நான் சொன்னது. அக்கா மகள் இரண்டு நாள் எங்கள் இருவரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், விரலில் மாட்டி இரத்தத்தில் உள்ள ஒட்சிசனைப் பார்க்கும் சிறு கருவி ஒன்றை ஆள் மூலம் கொடுத்தனுப்பினாள்.

தோட்டத்தில் ரோடு லொறிக்குப் போட்டது. அது வளைந்து வளைந்து போகும். ஆட்கள் நடப்பது குறுக்கில். நாங்கள் குடியிருந்த லயத்திலிருந்து தொழிற்சாலைக்கு ரோட்டால் போனால் இரண்டு மைல், செடிகளுக்கு இடையே செங்குத்தாக ஏறும் குறுக்கில் போனால் கால் மணித்தியாலம். ரோட்டால் நடந்து வருகிறவரைக் கண்டால், சுகமில்லையா என்று கேட்பார்கள். நான் பாதையின் வரைபடத்தைப் பார்த்தது இந்தப் பழக்கத்தோடுதான். டோபான் என்ற இடத்திலிருந்து, மேல் முகாமுக்கு முன்னாலுள்ள கீழ் முகாமுக்குப் போக ஏற்பாட்டாளர் இரண்டு நாள் ஒதுக்கி, நடுவில் தேவுராலி என்ற இடத்தில் ஓர் இரவு தங்கச் சொல்லியிருந்தார். தூரமோ ஐந்தாறு மைல்; பதுளையிலிருந்து ஹாலிஎல போவதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். தேவுராலியை அடித்துவிட்டு, அவருக்கு எழுதினேன்: நாங்கள் மலைநாட்டுக்காரர்கள், ஒரே நாளில் போய்விடுவோம்.

அடுத்த நாள் பதில் வந்தது. உங்கள் விருப்பம், ஆனால் மெதுவாகப் போவதே நல்லது என்று எழுதியிருந்தார். அதைக் கோப்பில் வைத்தேன்.

உயரத்தில் வரும் நோயைப் பற்றி நான் படிக்காமல் இல்லை. குறைந்தது பத்துப் புத்தகங்களிலாவது படித்திருக்கிறேன். அவற்றில் அந்த நோய் வந்தவர்கள் எல்லாரும் கடற்கரையிலிருந்தோ சமவெளியிலிருந்தோ போனவர்கள். நாலாயிரம் அடியில் பிறந்தவர்களுக்கும் பன்னிரண்டாயிரம் அடி புதுசுதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மலையகம், மலைநாடு, மலைக்குப் போறோம் என்று நாள் முழுக்கச் சொல்கிற வாய், அப்படியே நம்பிவிட்டது.

சித்திரை வருடப் பிறப்பு முடிந்து, ஏப்ரல் பதினேழு புதன்கிழமை கட்டுநாயக்கவில் விமானம் ஏறினோம். பத்தொன்பதாம் திகதி நடை தொடங்கியது. ஒரு வழிகாட்டி, ஒரு சுமைகாரர். வழிகாட்டிக்கு ஆங்கிலம் தெரியும். சுமைகாரருக்கு நேபாளி மட்டும். நாற்பது வயதிருக்கும். எங்கள் இருவரின் பைகளையும் ஒன்றாகக் கட்டி, கயிற்றை நெற்றியில் கொடுத்துச் சுமந்தார்.

அக்கா முதல் அரை மணித்தியாலமும் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"கயித்துக்குக் கீழ துணி வைக்காம சொமக்குறான் பாரு. யாரும் சொல்லிக் குடுக்கல போல."

கொழுந்துக் கூடையின் கயிறும் தலையில்தான் விழும். அவள் தன் துவாயை நாலாக மடித்து, அவரை நிறுத்தி, கயிற்றுக்கும் தலைக்கும் நடுவில் வைத்துவிட்டாள். அவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார், சிரித்தார். அதன் பிறகு அந்தத் துவாய் எங்களுக்குத் திரும்பி வரவில்லை. தேநீர் குடிக்க நிற்கும் இடங்களில் அவர் முதலில் அக்காவுக்குத்தான் உட்கார இடம் பார்த்தார்.

கிராமங்களின் வழியே போகும்போது, தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் படம் எடுக்கப் போனேன். அக்கா கையைத் தட்டிவிட்டாள். "கேட்டுட்டு எடு. எல்ல டவுன் பக்கம் வெள்ளக்காரன் எவனாச்சும் நம்மள கேட்டானா?" கேட்டேன். அந்தப் பெண் வேண்டாம் என்று கையசைத்தாள். அக்காவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

காலை ஆறரைக்கு வழிகாட்டி கதவைத் தட்டுவார். "பெரட்டுக்குக் கூப்புடுறான், எந்திரி," என்பாள் அக்கா. ஆள் கணக்கு எடுத்து வேலை பிரிக்கும் பெரட்டு எங்கள் தோட்டத்திலும் அதே நேரம்தான். இறங்குகிற படிகளில் அவள் பக்கவாட்டில், ஒன்று ஒன்றாக, அவசரப்படாமல் போனாள். நமுனுகுலவில் கற்றுக்கொண்டது அது. ஏறுகிற படிகளில் முன்னால் போனாள்.

இருபத்தோராம் திகதி, ஞாயிறு, என்னுடைய குறுக்கு நாள். டோபானிலிருந்து காலை 6.40க்குப் புறப்பட்டு, தேவுராலியில் தங்காமல் சாப்பிட்டுவிட்டு நடந்து, கீழ் முகாமை மாலை 4.35க்கு அடைந்தோம். தேவுராலியிலிருந்து கீழ் முகாமுக்கு ஏற ஒன்றரை மணித்தியாலம். அன்றைய குறிப்பு சுருக்கமானது: "கீழ் முகாம். 3,700 மீட்டர். பெயர்ப்பலகை. கொடிகள். தலைவலி." தலைவலியை அலைச்சல் என்று நினைத்துப் படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்தபோது தரை சாய்ந்திருந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். கருவியை விரலில் மாட்டினால் எனக்கு 72. அக்காவுக்கு 86. வழிகாட்டி பார்த்துவிட்டு, இப்போதே இறங்க வேண்டும், தேநீர்கூட வேண்டாம் என்றார். மேல் முகாம் இன்னும் இரண்டு மணித்தியால நடை.

அக்கா தன் பையைக் கட்டத் தொடங்கினாள்.

எனக்குத் தலை வெடித்துக்கொண்டிருந்தாலும் கணக்கு மட்டும் தெளிவாக இருந்தது. என் அட்டவணையில் ஒரு நாள்கூட மீதியில்லை. இப்போது இறங்கினால் திரும்ப ஏற முடியாது. தேவுராலியில் ஓர் இரவு தங்கியிருந்தால் இது வந்திருக்காது என்று வழிகாட்டி சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"நீ போ," என்றேன்.

"ஒன்ன விட்டுட்டா?"

"கைடு என்னோட வர்றாரு. எறங்குனா சரியாயிருமாம்."

"பொய் சொல்றியா?"

"நோட்டுல எழுதி ஒப்பம் வச்சுத் தரட்டா?"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கதவடியில் நின்ற சுமைகாரரைப் பார்த்தாள். வழிகாட்டி அவரிடம் நேபாளியில் ஏதோ சொன்னார். சுமைகாரர் பைகளை இறக்கி வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டு, துவாயைத் தலையில் தொப்பி மாதிரிக் கட்டிக்கொண்டு, கையை மேல் பக்கமாகக் காட்டினார்.

"இந்த ஆளு போதும்," என்றாள் அக்கா. கால்சட்டையின் மேல் படங்கை எடுத்துக் கட்டினாள். "தேவுராலியில குந்திக்கிட்டு இரு. கீழ எங்கயும் போயிராத."

நான் 6.35க்கு இறங்கத் தொடங்கினேன். அக்கா 6.40க்கு ஏறத் தொடங்கினாள் என்பது, நான் முதல் திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்து எழுதியது. அந்த அவசரத்தில் ஒரு தவறு செய்தேன். இரண்டு போன்களும் என் பையில் இருந்தன.

தேவுராலியை 8.20க்கு அடைந்தேன். வழிகாட்டி சொன்னது போலவே தலைவலி குறைந்துகொண்டு வந்தது. பத்து மணிக்கு என் கருவி 81 காட்டியது. விடுதிக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்து மேல் பக்கப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்குப் பிறகு பள்ளத்தாக்கை மேகம் மூடிவிட்டது.

12.50க்கு மேகத்துக்குள்ளிருந்து முதலில் துவாய் தெரிந்தது, பிறகு அக்கா. பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக வந்தாள். சப்பாத்துகள் ஊறியிருந்தன. படங்கின் பின்பக்கம் ஒரு சாண் கிழிந்திருந்தது.

"தலவலி எப்பிடி?"

"பரவால்ல. நீ போனியா?"

"போனேன்."

"மேல் முகாம் வரைக்குமா?"

"அதுக்குத்தான போனேன்."

"எப்பிடி இருந்துச்சு?"

"எல்லாம் வெள்ள. கீழயும் வெள்ள, மேலயும் வெள்ள. மலை எது, மேகம் எதுன்னு பிரிக்க முடியல. பனியில மொழங்கால் வரைக்கும் போச்சு. கையில எடுத்துத் தின்னேன்."

"கட்டடம் இருந்துச்சா? போர்டு?"

"ரெண்டு மூணு கூரை தெரிஞ்சுச்சு. போர்டு இருந்துச்சு. என்னா எழுதியிருந்துச்சுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? கலர் கலரா கொடி கட்டியிருந்தானுங்க."

கட்டடமும் பலகையும் கொடிகளும் கீழ் முகாமிலும் உண்டு என்று என் முந்தின நாள் குறிப்பு சொல்கிறது. மேகத்துக்குள் சுற்றிவிட்டுத் திரும்பக் கீழ் முகாமின் மறுபக்கத்துக்கே வந்திருக்கவும் முடியும் என்று நினைத்தேன். ஆனால் அதைச் சொல்லவில்லை. கணக்குப் போட்டேன். கீழ் முகாமிலிருந்து மேல் முகாமுக்கு ஏற இரண்டு மணி. நமுனுகுல விகிதப்படி அதை இறங்க அக்காவுக்கு 2 மணி 35 நிமிடம். கீழ் முகாமிலிருந்து தேவுராலிக்கு இறங்க இரண்டு மணி. மேலே நின்றதற்குக் கால் மணித்தியாலம். மொத்தம் 6 மணி 50 நிமிடம். அவள் எடுத்துக்கொண்டது 6 மணி 10 நிமிடம்.

"என்னா எழுதுற?" என்றாள்.

"நாப்பது நிமிசம் கொறையுதுக்கா."

"எதுல?"

சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விடுதியில் கொடுத்த சூப்பை ஊதிக் குடித்துக்கொண்டே கேட்டாள்.

"எறக்கத்துல பாதிய நான் நடக்கவே இல்லையே. படங்க விரிச்சு அதுல குந்திக்கிட்டு சறுக்குனேன். இவன் முன்னால பிடிச்சு இழுத்தான். அப்பறம் அவனும் குந்திக்கிட்டான். ரெண்டு பேரும் ஒருக்கா பொரண்டோம்." சுமைகாரரைப் பார்த்துக் கையால் சறுக்குவது போலக் காட்டினாள். அவர் உரக்கச் சிரித்தார்.

படங்கின் கிழிசலைப் பார்த்தேன். அது புதிய கிழிசலா, பெப்ரவரியிலேயே இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் அதைப் பார்க்க நன்றாக இல்லை என்று மட்டும்தான் அப்போது கவனித்திருந்தேன். வழிகாட்டியிடம் கேட்டேன். மேல் முகாமுக்குப் போகிற பாதை சறுக்கும் அளவுக்குச் செங்குத்து இல்லை, ஆனால் சில இடங்களில் முடியும் என்றார். சுமைகாரரிடம் விசாரித்துவிட்டு, "கொடி வரை போனோம் என்கிறார்" என்று மொழிபெயர்த்தார். எந்தக் கொடி என்று கேட்கச் சொன்னேன். சுமைகாரர் மறுபடியும் மேல் பக்கம் கையைக் காட்டினார்.

"எழுது, எழுதாம விடு," என்றாள் அக்கா. "என் காலு நனைஞ்சது எனக்குத் தெரியும்."

இறங்குவதற்கு இன்னும் இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் அவளுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. ஏப்ரல் இருபத்தேழு, சனிக்கிழமை, பதுளைக்கு வந்து சேர்ந்தோம். அன்றே அக்கா மகள் அழைத்தாள்.

"அம்மா மேல போனாங்களா மாமா?"

"போனதாச் சொல்றாங்க."

"சொல்றாங்களா? அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

சொன்னேன். மறுபக்கம் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"லேசானது ஒங்களுக்குத்தான் மாமா பொருத்தம். நான் ஆள மாத்திப் பயந்துட்டேன்."

அதன் பிறகு ஏற்பாட்டாளருக்கு இரண்டு முறை எழுதினேன். அந்தச் சுமைகாரரைக் கண்டால், அன்று எதுவரை போனார்கள், எத்தனை மணிக்கு அங்கே நின்றார்கள் என்று கேட்டு எழுத முடியுமா என்று. முதல் கடிதத்துக்கு, உங்கள் சகோதரிக்கு வணக்கம் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு வரவில்லை. நமுனுகுல விகிதம் தேயிலைச் செடிகளுக்கு நடுவிலும் காட்டுப் பாதையிலும் எடுத்தது. அது பனிக்குப் பொருந்துமா என்று சரிபார்க்க எங்கள் ஊவா மாகாணத்தில் வழியில்லை. அக்கா இப்போதும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறாள். கிழிந்த படங்கு துவைத்துக் கொடியில் காய்கிறது. தைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எட்டாம் நம்பர் மலைப் பக்கம் போனால் நமுனுகுலவைப் பார்க்கிறாளா என்று ஒரு முறை கேட்டேன். "அதுல என்னா இருக்கு பாக்க? ஏறியாச்சே," என்றாள்.

புத்தகத்தில் அந்த நாளின் பதிவு இப்படி நிற்கிறது: "22 ஏப்ரல் 2024, திங்கள். நான்: 3,700 மீட்டர். அக்கா: மேல் முகாம் வரை, 4,130 மீட்டர், சென்றதாகச் சொல்கிறாள். நாற்பது நிமிடம் குறைகிறது. இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை."